செல்போனைக் குற்றம் சொல்லித் தப்ப முடியாது

தமிழ்நாட்டில் எந்தத் திருச்சபையின் வாலிபர் கூட்டத்துக்குப் போனாலும், எந்த உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தாலும், ஒரு செய்தி தவறாமல் காதில் விழுகிறது. இன்ஸ்டாகிராமும் யூடியூபும் நம் பிள்ளைகளின் விசுவாசத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. தாங்கள் யார் என்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். லைக்குக்காகவும் ஃபாலோயருக்காகவும் அலைகிறார்கள். கிறிஸ்துவில் வேரூன்றிய பிள்ளையாக இருந்தால் இதற்கெல்லாம் அசையாது. பிரசங்கத்தின் முடிவில் இரண்டு மருந்துகள் சொல்லப்படும். ஒன்று, செல்போனைத் தூக்கி வை. மற்றொன்று, கிறிஸ்துவுக்குள் நீ யார் என்று அறிந்துகொள். பெற்றோர் தலையசைக்கிறார்கள், பிள்ளைகள் தலைகுனிகிறார்கள். கத்தோலிக்கப் பங்கின் மறைக்கல்வி வகுப்பிலும், சி.எஸ்.ஐ. சபையின் திடப்படுத்தல் வகுப்பிலும், பெந்தெகொஸ்தே சபையின் வாலிபர் முகாமிலும் சொற்கள் மாறலாம், சாரம் ஒன்றுதான். இதைச் சொல்கிறவர்களின் கவலை உண்மையானது. பிள்ளைகள் வாடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அந்தக் கவலையை மதிக்கிறேன். அவர்கள் வந்து சேர்ந்த முடிவைத்தான் மறுக்கிறேன்.

இந்தப் பேச்சு முழுவதும் ஒரு கணிப்பின் மேல் நிற்கிறது. கோளாறு பிள்ளையின் உள்ளத்தில் இருக்கிறது. அவனுக்கு விசுவாசம் போதவில்லை, அவளுக்கு ஜெபம் போதவில்லை என்பதே அந்தக் கணிப்பு. நோயைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறாகத்தான் போகும். பதினைந்து வயதுப் பிள்ளை பிறர் கண்ணால் தன்னை அளந்து பார்ப்பதற்கு அதன் விசுவாசக் குறைவே காரணம் என்று சொல்லிவிட்டால், அப்படி அளக்கவைக்கிற இரண்டு அமைப்புகள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. முதலாவது, அளப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள். இரண்டாவது, அந்த நிறுவனங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பிள்ளைகளை எண்ணாலும் தோற்றத்தாலும் மதிப்பிடப் பழகிவிட்ட நம் வீடுகளும் சபைகளும். இளையோர் மேல் விழும் இந்த அழுத்தத்துக்குக் கிறிஸ்தவ விசுவாசத்திடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலைப் பிள்ளைக்குப் புத்திமதியாகச் சொல்லி முடித்துவிட முடியாது. சபை தன் நடப்பை மாற்றிக்கொண்டால்தான் அது பதிலாகும். இதுவே என் வாதம்.

முதலில் நிறுவனங்களைப் பார்ப்போம். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் பதிவுகள் வந்துகொண்டிருக்கும் ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பக்கம் முடிகிற இடத்தில் மனிதர் இயல்பாக நிறுத்திக்கொள்வார்கள். அந்த நிறுத்தத்தையே எடுத்துவிட்டதற்காகப் பின்னாளில் அவர் வருந்தினார். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009இல் வந்தது. இன்ஸ்டாகிராம் 2010இல் தொடங்கி, 2012இல் நூறு கோடி டாலருக்கு ஃபேஸ்புக்கின் கைக்குப் போனது. ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மனித மனத்தின் ஒரு பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டோம் என்றும், லைக்கும் கமெண்டும் ஆளைத் திரும்பத் திரும்ப இழுப்பதற்காக வைக்கப்பட்டவை என்றும் 2017இல் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். 2021இல் பிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்களில், தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனக்குறையோடு இருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்தக் குறையை இன்னும் மோசமாக்கியதாகச் சொன்ன ஆய்வு இருந்தது. பல விஷயங்களில் இன்ஸ்டாகிராம் தங்களுக்கு உதவியதாகவே கூடுதல் பேர் சொன்னார்கள் என்று நிறுவனம் பதில் தந்தது. அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஏற்கெனவே நொந்திருந்தவர்களில் மூன்றில் ஒருத்தி மேலும் நொந்தாள் என்பது மாறவில்லை. இப்படி ஒரு பக்கம் பல்லாயிரம் பொறியாளர்களும் அவர்களுடைய கணக்குகளும். மறுபக்கம் இரவில் அறையில் தனியாக ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை. தோற்றது பிள்ளை என்றால், அதன் விசுவாசத்தைச் சோதிப்பது நியாயமா?

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்க்கலாம். திருநெல்வேலி, குமரிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் திடப்படுத்தல் ஆராதனை குடும்பத்துக்கே பெரிய நாள். வெள்ளைச் சேலை கட்டி, பேராயரின் கைவைப்புப் பெற்று, முதல் திருவிருந்து எடுத்த பெண்பிள்ளை அன்று மாலை அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். போடுவதற்கு முன்பே ஃபில்டர் அவள் முகத்தை ஒரு படி வெளுக்கவைக்கிறது. போட்ட பிறகு, யார் நின்று பார்த்தார்கள், யார் தொட்டார்கள், யார் தாண்டிப் போனார்கள் என்று செயலி கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கின்படி இன்னும் பலருக்குக் கொண்டுபோகிறது, இல்லையென்றால் அடியில் தள்ளிவிடுகிறது. படத்தின் கீழே ஓர் எண் ஏறுகிறது. அதே வரிசையில் நின்று திடப்படுத்தல் பெற்ற தோழியின் படத்தின் கீழேயும் ஓர் எண் ஏறுகிறது. அத்தை முறையுள்ள ஒருவர், கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா என்று பாராட்டாகவே கமெண்ட் எழுதுகிறார். காலையில் ஒரே பீடத்தின் முன் எந்த வேறுபாடும் இல்லாமல் முழங்காற்படியிட்ட இருவரும் இரவுக்குள் பெரிய எண், சிறிய எண் என்று பிரிந்துவிடுகிறார்கள். இந்தப் பிள்ளை செய்தது தன் விசுவாசத்தை ஊரறியச் சொன்னது. அவளிடம் எந்த விசுவாசக் குறைவைக் கண்டுபிடிக்கப் போகிறோம்? அவள் மனத்தைக் குத்தியது நாத்திகமோ உலக ஆசையோ இல்லை. ஓர் எண்ணும், சொந்தக்காரர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியமும்தான். எண்ணை நிறுவனம் கொடுத்தது. வாக்கியத்தை நாம் கொடுத்தோம்.

விசுவாசக் குறைவு என்ற கணிப்பு தவறு என்பதோடு நின்றுவிடவில்லை, தீங்கும் செய்கிறது. வாடியிருக்கும் பிள்ளையிடம், உனக்கு விசுவாசம் இருந்தால் இப்படி வாடமாட்டாய் என்று சொன்னால், வாட்டத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த முறை அந்தப் பிள்ளை வாய் திறக்காது. தன் படத்தை மார்ஃபிங் செய்து ஒருவன் மிரட்டுகிறான் என்று வரும்போது, ஒரு பெண்பிள்ளை முதலில் பயப்படுவது மிரட்டுகிறவனுக்கு மட்டும் இல்லை. அப்பாவுக்கும் சபை ஐயருக்கும் சேர்த்துத்தான். நீ ஏன் படம் போட்டாய் என்ற கேள்விதான் முதலில் வரும் என்பது அவளுக்குத் தெரியும். வேதாகமத்தில் இந்தத் தவறைச் செய்தவர்கள் யோபுவின் நண்பர்கள். துன்பப்படுகிறவனிடம் துன்பத்துக்கான காரணத்தை அவனுக்குள்ளேயே தேடச் சொன்னார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் யோபுவை விட்டு அந்த நண்பர்கள் மேல்தான் திரும்பியது. சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாவைக் கேட்ட எலியாவுக்குத் தூதன் அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிட வைத்தான். எலியா எழுந்து பல நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் கர்த்தர் அவனிடம் கேள்வி கேட்டார். மனம் உடைந்தவரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேண்டியதில்லை.

சரி, செல்போனைப் பிடுங்கிவிட்டால்? இந்தியா ஏற்கெனவே இதை ஒரு முறை செய்து பார்த்துவிட்டது. நோக்கம் வேறு என்றாலும், 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, பட்டிதொட்டியெல்லாம் பரவியிருந்த ஒரு செயலி ஒரே இரவில் காணாமல் போனது. ஜூலை மாதமே இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. செயலி போயிற்று, பார்க்கப்பட வேண்டும் என்ற தவிப்பு வீடு மாறிக்கொண்டது. ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்க வகை செய்கிறது. இத்தகைய சட்டங்கள் தேவை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவை பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கின்றன. ஒரு வீட்டில் ஒரு தகப்பன் ஒரு பிள்ளையின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்குவது வேறு. அங்கே பொறுப்பு முழுவதும் பிள்ளையின் தலையில் விழுகிறது. தகப்பன் கையில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆய்வாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லையே, எதற்கு இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் இளையோருக்கு மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றின் ஆபத்து இரட்டிப்பு என்று அமெரிக்காவின் அன்றைய தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி 2023இல் எச்சரித்தார். ஆனால் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, இளையோரின் நலவாழ்வில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தை மட்டுமே டிஜிட்டல் சாதனங்களின் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 44 நாடுகளில் எடுத்த கணக்கில், கட்டுப்பாட்டை மீறிச் சமூக ஊடகத்தில் சிக்கியிருந்த பதின்வயதினர் 2018இல் 7 சதவீதம், 2022இல் 11 சதவீதம். இந்த எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், எல்லாப் பிள்ளைகளும் கெட்டுவிட்டார்கள் என்ற மேடைப்பேச்சு நிற்காது. சராசரிக்குள் புதைந்திருக்கும் சிலருக்குப் பலத்த அடி விழுகிறது என்பது நிற்கும். அந்தச் சிலர் யார்? ஏற்கெனவே நிறத்துக்காகவும், உடல்வாகுக்காகவும், சாதிக்காகவும், மதிப்பெண்ணுக்காகவும் கூசிப் போனவர்கள் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். கூச்சம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விரல் நம்மை நோக்கித்தான் திரும்பும்.

மே, ஜூன் மாதத்து ஞாயிறுகளை நினைத்துப் பாருங்கள். தேர்வு முடிவு வந்ததும் பல சபைகளில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, பீடத்தின் முன் நிறுத்தி, பரிசு கொடுத்து, கைதட்டுகிறோம். படிப்பைப் பாராட்டுவதில் குற்றமில்லை. ஆனால் அதே ஆராதனையில் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயரை அந்த ஆண்டு முழுவதும் யாரும் சொல்வதில்லை. கல்யாண வயது வந்தால் மணமகள் தேவை விளம்பரம் வருகிறது. கிறிஸ்தவர் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர், அதற்குப் பக்கத்தில் சிவந்த நிறம், அதற்குப் பக்கத்தில் சம்பளம். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தவர்கள் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துப் பிரித்துப் புதைக்கப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு என்பதை மறைக்க முடியாது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் புதிதாக என்ன சொல்லிக்கொடுத்துவிட்டது? மனிதரை எண்ணால் வரிசைப்படுத்தலாம், நிறத்தால் தரம் பிரிக்கலாம் என்பதைப் பிள்ளை முதலில் கற்றது நம்மிடம். நிறுவனம் அதை இருபத்துநான்கு மணி நேரமும் நடத்திக் காட்டுகிறது.

ஊடகத்தைக் கண்டித்துப் பேசும் பிரசங்கமே இன்று ஊடகத்தில்தான் ஓடுகிறது. ஆராதனை நேரலையாகப் போகிறது. காணிக்கை அறிவிப்புக்குப் பக்கத்திலேயே, சேனலை சப்ஸ்கிரைப் செய்து பெல் பட்டனை அழுத்துங்கள் என்ற அறிவிப்பும் வருகிறது. அழுதுகொண்டு முன்னால் வந்த ஒருவரின் முகம் மறுநாள் தம்ப்நெயிலாகிறது. சாட்சி சொன்ன பிள்ளையின் வீடியோவுக்கு எத்தனை வியூஸ் போயிற்று என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். பாடல்குழுவில் யார் முன்வரிசையில் நிற்பது என்பதைக் கேமரா தீர்மானிக்கத் தொடங்கியிருக்கிறது. கோவிட் ஊரடங்கில் நேரலை பெரிய உதவியாக இருந்தது. படுக்கையில் இருக்கிற முதியவருக்கு இன்றும் அது வரப்பிரசாதம். ஆனால் ஊழியத்தின் பலனை வியூஸ் கணக்கில் சொல்லும் பழக்கம் மேடைக்கு வந்துவிட்ட பிறகு, லைக்கை எண்ணாதே என்று பிள்ளைகளிடம் சொல்லும் தகுதியை நாம் இழந்துவிட்டோம். பிள்ளைகள் நம் புத்திமதியைவிட நம் நடப்பைத்தான் படிக்கிறார்கள்.

விசுவாசம் உண்மையில் என்ன சொல்கிறது? யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து வந்த குரல் அவரை அன்பு மகன் என்று அறிவித்தது. அதுவரை அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஒரு கூட்டத்திலும் பிரசங்கிக்கவில்லை. சாதித்த பிறகு கிடைத்த பட்டமாக அது வரவில்லை. சாதனைக்கு முன்பே கொடுக்கப்பட்டது. அதன் பிறகு உடனே வனாந்தரத்தில் வந்த சோதனைகளில் ஒன்று, தேவாலய உச்சியிலிருந்து குதித்துக் காட்டு என்பது. தான் யார் என்பதை வேடிக்கை காட்டி நிரூபிக்கச் சொன்ன அழைப்பு அது. அவர் மறுத்தார். மலைப்பிரசங்கத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் மனிதர் காண வேண்டும் என்று செய்யாமல், அறைக்குள், அந்தரங்கத்தில் செய்யச் சொன்னார். குணமானவர்களிடம் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று பல முறை கட்டளையிட்டதாக மாற்கு எழுதுகிறார். கூட்டம் பெருகியபோது விலகித் தனியே ஜெபிக்கப் போனார். பார்க்கப்படுவதற்கும் மதிக்கப்படுவதற்கும் இடையே உள்ள கட்டை அறுக்கிற விசுவாசம் இது. குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் பேசுவதற்கு முன்பே அதன் பெயரைச் சொல்லித் தண்ணீர் தெளிக்கின்றன. விசுவாசித்தவருக்கு மூழ்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளிலும் யாரும் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்வதில்லை. இரண்டிலும் ஒருவருடைய மதிப்பு இன்னொருவர் கையிலிருந்து கொடையாக வருகிறது, சபையின் முன்னிலையில் வருகிறது.

அதனால்தான் கிறிஸ்துவுக்குள் நீ யார் என்று அறிந்துகொள் என்ற அறிவுரை, சரியான உபதேசத்தைச் சுமந்திருந்தாலும், இன்று சொல்லப்படும் விதத்தில் பயன் தருவதில்லை. பிள்ளை தன் அறையில் தனியாக உட்கார்ந்து தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய தைரியவாக்காக அது சுருங்கிவிட்டது. நம் மண்ணில் விசுவாசம் மக்களின் அடையாளத்தை மாற்றியபோது அப்படிச் சுருங்கிய வடிவில் வரவில்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக் கூடாது என்ற சாதிக் கட்டுப்பாடு இருந்தது. ஒரு மனிதருடைய மதிப்பை உடலின் மேல், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி எழுதிவைத்த ஏற்பாடு அது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை அணியலாம் என்று 1810களில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில் அனுமதி வந்தது. அணிந்தவர்கள் சந்தையிலும் சாலையிலும் தாக்கப்பட்டார்கள், ஆடைகள் கிழிக்கப்பட்டன, 1820களிலும் மறுபடி 1858, 1859இலும் சபைக் கோயில்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு அரைகுறையாகவேனும் உரிமையை அறிவிக்க வேண்டியிருந்தது. அதே வட்டாரத்தில் அதே காலத்தில் அய்யா வைகுண்டரும் தாழ்த்தப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். பெருமை முழுவதும் கிறிஸ்தவர்களுக்கே உரியது என்று நான் சொல்லவரவில்லை.

அந்தப் பெண்களிடம் சபை, கிறிஸ்துவுக்குள் நீங்கள் யார் என்று அறிந்துகொள்ளுங்கள், பிறர் பார்வையைப் பொருட்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஜெபத்தை முடித்துக்கொள்ளவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். பெண்கள் கையில் சொந்தச் சம்பாத்தியம் வந்தது. தாக்கப்பட்டபோது புகார் மனுக்கள் எழுதப்பட்டன, வழக்குகள் போடப்பட்டன, சென்னை ஆளுநர் வரைக்கும் விஷயம் போனது. அந்த மிஷனரிகளுக்குத் தங்கள் காலத்து ஐரோப்பிய ஒழுக்கக் கருத்துகளும் இருந்தன. அவர்களை நான் புனிதப்படுத்தவில்லை. ஆனால் ஒன்று உறுதி. தெருவில் இறங்கிய பெண் தனியாக இறங்கவில்லை. அவளோடு இன்னும் பல பெண்கள் அதே உடையில் நடந்தார்கள், பின்னால் ஒரு சபை நின்றது, எரிந்த பள்ளியை மறுபடி கட்டியது. நீ தேவனுடைய பிள்ளை என்ற சொல் அவள் காதில் நம்பும்படி விழுந்ததற்கு, அதைச் சொன்னவர்கள் அதற்கான விலையில் பங்கு கொடுத்ததே காரணம். இன்று அதே மாவட்டத்துப் பிள்ளையிடம் அதே சொல்லை விலை கொடுக்காமல் சொல்கிறோம். அது ஒட்டாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். நற்செய்தியை எல்லா வழியிலும் கொண்டுபோவதுதானே சபையின் கடமை, தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு அச்சு இயந்திரம் வரவழைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து 1715இல் முடிக்கவில்லையா, இன்றைய அச்சு இயந்திரம் யூடியூப்தானே என்று கேட்பார்கள். யூடியூபைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அச்சடித்த சுவிசேஷம் யார் எத்தனை நொடி படித்தார்கள் என்று கணக்கெடுத்து, மத்தேயுவின் வரிசையை மாற்றி அடுக்கவில்லை. இன்றைய மேடைகள் எதற்கு வரவேற்பு அதிகமோ அதையே மேலே தூக்குகின்றன. அதைப் பார்த்துப் பிரசங்கமே தன்னை வளைத்துக்கொள்கிறது. 2025 செப்டம்பர் 7 அன்று கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்த கார்லோ அக்கூத்திஸ் 2006இல் பதினைந்து வயதில் இறந்த பையன்; கணினியில் கெட்டிக்காரன். அவன் உழைத்த வலைத்தளம் நற்கருணை அற்புதங்களைப் பற்றியது, தன் முகத்தைப் பற்றியது இல்லை. ஊடகத்தைப் பயன்படுத்துவது வேறு, ஊடகத்தின் எண்ணைக் கொண்டு தன்னை அளப்பது வேறு என்பதற்கு அவனே போதுமான சாட்சி.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. எல்லாவற்றுக்கும் நிறுவனத்தையும் சபையையும் குற்றம் சொன்னால் பிள்ளைக்குப் பொறுப்பே இல்லையா, இச்சையடக்கம் ஆவியின் கனி இல்லையா என்பார்கள். ஆம், ஆவியின் கனிதான். பொய்க் கணக்கு தொடங்கி இன்னொரு பிள்ளையைக் கேலி செய்தவன் தன் பாவத்துக்குத் தானே மனந்திரும்ப வேண்டும். அதில் தள்ளுபடி இல்லை. ஆனால் திருச்சபை தன் வரலாறு முழுவதும் இச்சையடக்கத்தைக் கூட்டாகத்தான் பழக்கியிருக்கிறது. லெந்து காலத்தில், தவக்காலத்தில், ஒரு பிள்ளை மட்டும் மாமிசம் சாப்பிடாமல் இருக்க மற்றவர்கள் அதன் முன்னால் பிரியாணி சாப்பிடுவதில்லை. வீடே மாமிசம் சமைப்பதில்லை. நாற்பது நாள் பெரியவர்களும் சேர்ந்து இரவு உணவு நேரத்தில் செல்போனை ஒரே இடத்தில் வைத்துவிட்டால் அது உபவாசம். பிள்ளையிடம் மட்டும் வாங்கி வைத்தால் அது தண்டனை. பொறுப்பைப் பகிர்ந்துகொள்கிற இடத்தில்தான் பொறுப்பு வளரும்.

மூன்றாவது மறுப்பு இளையோரிடமிருந்தே வரும். சபையில் யாரும் கேட்காத எங்கள் பேச்சை இங்கேதானே நாலு பேர் கேட்கிறார்கள் என்பார்கள். தலித் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் ஊர்க் கல்லறைப் பிரிவினையைப் பற்றி வெளியுலகுக்குச் சொல்ல முடிந்தது. நடக்க முடியாத ஒரு பெண் தன் எழுத்துக்கு வாசகரைக் கண்டுகொள்ள முடிந்தது. தொல்லைக்கு உள்ளானவர்கள் தாங்கள் மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ள முடிந்தது. இது முழு உண்மை. செல்போனைப் பிடுங்கு என்ற மருந்தை நான் மறுப்பதற்கு முதல் காரணமே இதுதான். ஒரு பிள்ளை தன் காயத்தைச் சொல்ல முன்பின் தெரியாத ஆட்களைத் தேடிப் போகிறது என்றால், தெரிந்த ஆட்கள் காது கொடுக்கவில்லை என்று பொருள். அந்த வாசலையும் அடைத்துவிட்டால் பிள்ளை வாயடைத்துப் போகும். முதலில் சபைக்குள் ஒரு வாசல் திறக்க வேண்டும்.

திறப்பதற்குப் பெரிய பணமோ புதிய இயக்கமோ வேண்டாம். மதிப்பெண் பரிசு கொடுக்கும் ஞாயிறில், தேர்வு எழுதிய அத்தனை பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து ஒரே மாதிரி ஆசீர்வதிக்கலாம். தவறியவர்களின் வீட்டுக்கு அந்த வாரமே போதகர் போகலாம். சபையின் மணமாலை விளம்பரங்களில் நிறத்தையும் சாதியையும் அச்சிட மாட்டோம் என்று சபை மன்றம் தீர்மானம் போடலாம். பதினெட்டு வயது நிறையாத யாருடைய சாட்சியையும் கண்ணீரையும் சேனலில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுக்கலாம். வியூஸ் எண்ணிக்கையை மேடையில் சொல்வதை நிறுத்தலாம். திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கட்டளைகளோடு, ஒரு செயலி எப்படிக் கணக்கெடுக்கிறது, எப்படிச் சம்பாதிக்கிறது என்பதையும் ஒரு பாடமாக வைக்கலாம். மிரட்டலில் சிக்கிய பெண் யாரிடம் போய்ச் சொல்வது என்பதற்கு, கேள்வி கேட்காமல் கேட்டுக்கொள்ளவும் 1930 சைபர் உதவி எண்ணுக்குக் கூடவே இருந்து பேசவும் தெரிந்த இரண்டு பெண்களைச் சபையே நியமித்துப் பெயரை அறிவிக்கலாம். இவற்றில் ஒன்றுகூடப் பிள்ளைகளிடம் எதையும் பறிக்கவில்லை. ஒவ்வொன்றும் பெரியவர்களிடம் எதையாவது கேட்கிறது. அதனால்தான் இவை கடினமாக இருக்கின்றன, பிரசங்கம் சுலபமாக இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 44 லட்சம் பேர். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் ஏதோ ஒரு செயலியில் இருக்கத்தான் போகிறார்கள். எந்தப் பிரசங்கமும் அதை நிறுத்தப் போவதில்லை. அவர்கள் அங்கே எந்த எண்ணைச் சந்தித்தாலும் தாங்கிக்கொள்ளும்படி, எண்ணாத ஓர் இடத்தை இங்கே கட்டிக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. போதகர்களே, அருட்தந்தையரே, மூப்பர்களே, பெற்றோரே: உங்கள் பிள்ளையின் விசுவாசத்தைச் சோதிப்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளை தன் மதிப்பைக் கணக்கிடக் கற்றுக்கொண்ட இடம் உங்கள் வீடாகவும் உங்கள் சபையாகவும் இருந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால், மனந்திரும்ப வேண்டியவர்கள் முதலில் நாம்தான்.